அரை லிட்டர் தண்ணீருக்கு 17 மில்லி ஸ்பிரிட்

நேற்று சாயங்காலம் நான் குளிர்பானக் கேனை வெட்டிச் செய்த நாலாவது டப்பா அடுப்பு, 17 மில்லி ஸ்பிரிட்டில், அதாவது எரிக்கும் ஆல்கஹாலில், அரை லிட்டர் தண்ணீரை எட்டரை நிமிடத்தில் கொதிக்க வைத்தது. ஒரே தடவை அல்ல, அடுத்தடுத்து மூன்று தடவை, திறந்த வெளியில், லேசான காற்றில். இதற்கு முன் செய்த மூன்றும் ஒவ்வொரு விதத்தில் காலை வாரிவிட்டன. அளவுகள் மறந்துபோவதற்கு முன் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். முகாமுக்கு எந்த அடுப்பு, எந்த எரிபொருள் என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு இதில் ஏதாவது உதவும்.

ஆரம்பித்தது ஒரு விடிகாலையில். மலையில் கூடாரம் போட்டிருந்தோம், நானும் ஒரு நண்பரும். கையிலிருந்தது குப்பியின் தலையில் திருகி மாட்டும் சின்ன கேஸ் அடுப்பு. முந்தின நாள் மத்தியானம் அது சீறிக்கொண்டு எரிந்தது, நாலு நிமிடத்தில் தண்ணீர் தயார். விடிந்தபோது வெப்பமானி 2 டிகிரி காட்டியது. அடுப்பைப் பற்றவைத்தால் முதல் இரண்டு நிமிடம் ஒழுங்காக எரிந்தது, அப்புறம் சுடர் இறங்கி இறங்கி விரல் நகம் உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. இருபது நிமிடம் ஆகியும் பாத்திரத்தின் அடியில் கடுகு மாதிரி குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தனவே தவிரக் கொதி வரவில்லை. "கேஸ் தீர்ந்துபோச்சாப்பா?" என்று நண்பர் குப்பியை எடுத்து ஆட்டினார். உள்ளே திரவம் தளும்பும் சத்தம் நன்றாகவே கேட்டது. குப்பியின் வெளிப்பக்கத்தில், அடியிலிருந்து இரண்டு விரல் உயரம் வரை வெள்ளையாகப் பனி படிந்திருந்தது, அதற்கு மேலே சுத்தமாகக் காய்ந்திருந்தது. உள்ளே திரவம் எதுவரை நிற்கிறதோ அதுவரை பனிக்கோடு. அவ்வளவு எரிபொருளை வைத்துக்கொண்டு தண்ணீர் கொதிக்காமல் உட்கார்ந்திருந்தோம்.

குப்பியைத் திருப்பிப் பார்த்தபோதுதான் சிறிய எழுத்தில் பியூட்டேன் என்று மட்டும் போட்டிருந்ததைக் கவனித்தேன். பியூட்டேன் திரவத்திலிருந்து ஆவியாகக் கிளம்புவதே மைனஸ் 0.5 டிகிரியில். காலையில் 2 டிகிரி என்றால் ஏதோ கொஞ்சம் கிளம்பும், ஆனால் கிளம்பக் கிளம்பக் குப்பி தானாகவே குளிர்ந்துபோகும், அதோடு கதை முடிந்தது. ஐசோபியூட்டேன் ஏறத்தாழ மைனஸ் 12 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும், புரொப்பேன் மைனஸ் 42 வரை. குளிருக்கு வாங்கும்போது இந்த இரண்டும் கலந்த குப்பியாகப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். வாங்கும்போது நான் பார்த்தது மரை பொருந்துகிறதா என்பதை மட்டும்தான்.

அன்று காப்பாற்றியது ஒரு சாதாரண வேலை. ஓடையில் மொண்ட தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, குப்பியின் அடி மூன்று விரல் நனையும்படி அதில் உட்கார வைத்தோம். ஓடைத் தண்ணீர் கைக்கு ஜில்லென்று இருந்தாலும் அந்தக் குப்பியைவிட அது சூடுதான். அரை நிமிடத்தில் பனி உருகியது, சுடர் எழும்பியது, மீதி வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அடுத்த நாள் இரவு குப்பியைத் தூங்கும் பையின் கால்மாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன், காலையில் முதல் தடவைக்குப் பிரச்சினையே வரவில்லை. ஒன்று மட்டும் கவனம்: கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் குப்பியை வைக்கக் கூடாது, நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடேற்றவே கூடாது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவு எடுத்தேன். அடுப்புப் பெட்டியின் மேல் போட்டிருக்கும் நிமிடக் கணக்கை இனி நம்புவதில்லை, என் பாத்திரத்தில், வெளியில், காற்றில் வைத்து நானே அளக்கப் போகிறேன். ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு, ஸ்பிரிட் அளக்க ஊசியில்லாத சிரிஞ்சு, வெப்பமானி, கைபேசியில் நிறுத்து கடிகாரம், இவ்வளவுதான் கருவிகள். பாத்திரம் எப்போதும் ஒன்றே: 900 மில்லி கொள்ளும் அலுமினியப் பாத்திரம், அடி 12 செ.மீ. அகலம், மூடி உண்டு. தண்ணீர் அரை லிட்டர், ஆரம்பச் சூடு 20 டிகிரி. இந்த மூன்றில் ஒன்றை மாற்றினாலும் மற்ற அளவுகளோடு ஒப்பிட முடியாது. மூடி இல்லாமல் ஒரு தடவை வைத்துப் பார்த்தேன், கேஸில் 8 கிராமில் முடியும் வேலைக்கு 11 கிராம் போய்விட்டது. ஒரு மூடிக்கு இவ்வளவு வித்தியாசமா என்று இரண்டு தடவை திரும்பச் செய்து பார்த்தேன், அதே கதைதான்.

அப்புறம் ஸ்பிரிட் அடுப்பு. இரண்டு பேர், மூன்று நாலு நாள், தண்ணீர் கொதிக்க வைப்பதுதான் முக்கிய வேலை என்றால் இதைவிட எளிய அடுப்பு கிடையாது. அசையும் பாகம் எதுவும் இல்லை, எரிபொருளைக் கண்ணால் பார்க்கலாம், எவ்வளவு மீதி என்று தெரியும். குளிர்பானக் கேன் இரண்டு இருந்தால் செய்துவிடலாம் என்பதால் அதிலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் அடுப்பு பற்றவைக்கும் வரைக்கும்கூட வரவில்லை. இரண்டு கேன்களின் அடிப்பாகத்தையும் 3 செ.மீ. உயரத்தில் வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைச் செருக வேண்டும். இரண்டும் ஒரே விட்டம், எப்படிச் செருகுவது? கட்டாயப்படுத்தி அழுத்தினேன், விளிம்பு நாலு இடத்தில் கிழிந்தது. ஒரு பொத்தல் இருந்தாலும் அந்த வழியாகவே சுடர் வரும், ஆகவே அதைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. இரண்டாவதில் வழி கிடைத்தது: வெளிப்பக்கம் வரவேண்டிய பாதியை, திறக்காத முழுக் கேனின் அடியில் மாட்டி மெதுவாகச் சுற்றிச் சுற்றி அழுத்தினால் வாய் ஒரு நூல் அளவு விரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மற்றப் பாதி சொன்ன பேச்சைக் கேட்டு உள்ளே இறங்கியது. கேன் தகடு காகிதம் மாதிரிதான் இருக்கும், ஆனால் வெட்டிய விளிம்பு பிளேடுக்குச் சமம். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் இரண்டு சுற்று தேய்த்துவிடுங்கள்.

இரண்டாவது அடுப்பில் நான் கெடுத்தது மேல் விளிம்பைச் சுற்றிச் சுடர் வெளிவரும் துளைகளை. ஆணியும் சுத்தியலும் வைத்து 24 துளை போட்டேன், ஒவ்வொன்றும் 2 மி.மீ. இருக்கும். பற்றவைத்ததும் மஞ்சளாக ஒரு பெரிய தீ பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி மூடியைத் தாண்டியது. 30 மில்லி ஐந்தே நிமிடத்தில் எரிந்து தீர்ந்தது, தண்ணீர் 70 டிகிரியைத் தொடவில்லை. சூடு முழுக்கப் பாத்திரத்துக்கு வெளியே போய்விட்டது.

சலித்துப்போய் மூன்றாவதாக எளிய வகை ஒன்றைச் செய்தேன். மூன்றரை செ.மீ. உயரமுள்ள சின்னத் தகர டப்பா, அதன் மேல் விளிம்புக்குக் கீழே காகிதத் துளைக்கருவியால் இரண்டு வரிசைத் துளைகள், பாத்திரம் நேராக டப்பாவின் மேலேயே உட்காரும். பத்து நிமிட வேலை. முதல் இரண்டு முயற்சியில் பாத்திரத்தை வைத்தவுடனே அணைந்தது, ஏனென்றால் ஸ்பிரிட் சூடாவதற்கு முன்பே வாயை அடைத்துவிட்டேன். பற்றவைத்து முப்பது நொடி விட்டு, உள்ளே ஸ்பிரிட் குமிழியிடத் தொடங்கிய பிறகு வைத்தால் பக்கத் துளைகள் வழியாக அழகாகப் பூ மாதிரி எரிகிறது. பத்து நிமிடத்தில், 22 மில்லியில் கொதித்தது. இது போதுமே என்றுதான் நினைத்தேன். ஆனால் 12 செ.மீ. பாத்திரம் ஆறரை செ.மீ. டப்பாவின் மேல் நிற்கிறது, தரை கொஞ்சம் சாய்வாக இருந்தாலும் கிண்டும்போது கவிழும். கொதிக்கும் தண்ணீரும் எரியும் ஸ்பிரிட்டும் ஒன்றாகக் கவிழ்வதை ஒரு தடவை பார்த்தேன். நல்லவேளை, கல் தளத்தில். அகலமான பாத்திரம் வைத்திருப்பவர்கள் இந்த வகையை நம்ப வேண்டாம்.

நாலாவதில் கேன் அடுப்புக்கே திரும்பினேன். இந்த முறை ஆணியை ஒதுக்கிவிட்டு, கட்டைப் பிடி போட்ட தடித்த ஊசியால் 16 துளை, ஒவ்வொன்றும் 1 மி.மீ. துளைகளுக்கு முன் விளிம்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை ஒட்டி, அதை மடித்து மடித்துப் பதினாறாகப் பிரித்துக்கொண்டேன், இடைவெளி சீராக வந்தது. உள்சுவருக்குக் கேனின் நடுப்பகுதியிலிருந்து வெட்டிய பட்டை, அதன் அடியில் மூன்று சின்ன வெட்டு, ஸ்பிரிட் உள்ளிருந்து இரண்டு சுவருக்கும் நடுவே போவதற்கு. உயரம் முடிவில் நாலரை செ.மீ. எடை 12 கிராம்.

பாத்திரத்துக்குக் கம்பி வலையை வளையமாக்கித் தனியாக ஒரு தாங்கி செய்தேன். இதில்தான் எனக்கு நிஜமான விஷயம் பிடிபட்டது. அடுப்பு மேலிருந்து பாத்திரம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை மூன்று வலை வளையங்களால் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒன்றரை செ.மீ. இடைவெளியில் சுடருக்கு மூச்சு முட்டியது, ஸ்பிரிட் வாடை கண்ணைக் கரித்தது, கொதிக்கப் பதினாலு நிமிடம். ஐந்து செ.மீ.யில் சுடர் நீலமாக, பார்க்க மிக அழகாக இருந்தது, ஆனால் 24 மில்லி குடித்தது. மூன்று செ.மீ.யில் வைத்தபோதுதான் அந்த எட்டரை நிமிடமும் 17 மில்லியும் வந்தன. அதே அடுப்பு, அதே ஸ்பிரிட், ஒன்றரை விரல் உயரம் மாறியதற்கு இவ்வளவு வித்தியாசம். வேறு அகலப் பாத்திரத்துக்கு இந்த மூன்று செ.மீ. பொருந்தாமல் போகலாம், மூன்று வளையம் வெட்டி நீங்களே பார்த்துவிடுவது நல்லது.

காற்றுத் தடுப்பு இல்லாமல் இந்த அளவுகளுக்கு அர்த்தமே இல்லை. மரத்தில் இலை அசையும் அளவுக் காற்றில், தடுப்பில்லாமல் 30 மில்லி ஊற்றிப் பார்த்தேன். முழுவதும் எரிந்து தீர்ந்தது, தண்ணீர் 64 டிகிரி. தடித்த அலுமினியத் தகட்டில் 15 செ.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்பு வெட்டி, அதைப் பாத்திரத்தோடு ஒட்டி இறுக்கமாகச் சுற்றினேன், அதுவும் தப்பு. காற்று உள்ளே போக வழியில்லை, சூடு உள்ளேயே தங்கி அடுப்பு கொதிக்க ஆரம்பித்தது, மஞ்சள் தீ எழும்பியது. பாத்திரத்துக்கும் தடுப்புக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டு, காற்று வரும் திசைக்கு எதிர்ப்பக்கம் மட்டும் அடியில் ஒரு வரிசைத் துளை போட்டதும் சரியாகிவிட்டது. இந்த மாதிரித் தடுப்பை குப்பியின் மேல் மாட்டும் கேஸ் அடுப்பைச் சுற்றி வைக்கவே வைக்காதீர்கள். ஸ்பிரிட் அடுப்பில் மஞ்சள் தீயோடு போகும், கேஸில் குப்பியே சூடேறி வெடிக்கும். கேஸுக்குக் காற்று வரும் பக்கம் மட்டும் சற்றுத் தள்ளி மறைத்துவிட்டு, நடுநடுவே குப்பியைத் தொட்டுப் பாருங்கள், தொட முடியாத சூடு என்றால் உடனே அணைத்துவிட வேண்டும்.

எரிபொருளில் நான் முதலில் ஊற்றியது மருந்துப் பெட்டியில் இருந்த 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பாத்திரத்தின் அடி முழுக்கக் கரி, தீ அணைந்த பிறகு அடுப்புக்குள் தண்ணீர் தங்கியிருந்தது. எத்தனால் அதிகமாக உள்ள ஸ்பிரிட் சுத்தமாக எரிகிறது. மெத்தனாலும் எரியும், ஆனால் அது விஷம், தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பில் சேரும், போதாததற்கு எடைக்கு எடை எத்தனாலைவிடச் சூடும் குறைவு. ஒரு கிலோ எத்தனாலில் சுமார் 27 மெகாஜூல், மெத்தனாலில் 20 அளவில்தான்.

ஸ்பிரிட்டின் தீ வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. இதை நான் படித்திருந்தேன், ஆனாலும் இரண்டாவது நாள் பரிசோதனையில், மத்தியான வெயிலில், அடுப்பு அணைந்துவிட்டது என்று நினைத்துப் பாட்டிலைக் கையில் எடுத்து மூடியையும் திறந்துவிட்டேன். தரையில் அடுப்பின் நிழலுக்கு மேலே இன்னொரு நிழல், தண்ணீர் ஓடுவது மாதிரி நெளிந்துகொண்டிருந்தது. எரியும் சூடு போடும் நிழல் அது. ஊற்றியிருந்தால் தீ பாட்டிலுக்குள் ஏறியிருக்கும். அன்றிலிருந்து இரண்டு வழக்கம் வைத்திருக்கிறேன். பாட்டிலிலிருந்து நேராக அடுப்பில் ஊற்றுவதில்லை, சின்னக் கோப்பையில் அளந்து, பாட்டிலை மூடித் தள்ளி வைத்த பிறகே ஊற்றுகிறேன். இரண்டாவது, அடுப்பு அணைந்த மாதிரித் தெரிந்தால் அதன் மேல் ஒரு தகர மூடியைக் கவிழ்த்து ஐந்து நிமிடம் விட்டு, வெறும் கையால் எடுக்கும் அளவு ஆறிய பிறகுதான் மறுபடி நிரப்புவது. எந்த அடுப்பாக இருந்தாலும் கூடாரத்துக்குள் பற்றவைப்பதில்லை. தீ பிடிக்கும் என்பது ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாடையே கிடையாது.

எடைக் கணக்கும் போட்டேன். கேஸ் பக்கம்: அடுப்பு 85 கிராம், 110 கிராம் கேஸ் உள்ள குப்பி முழுசாக 210 கிராம், ஆக 295. ஒரு கொதிக்கு 8 கிராம் என்றால் 13 கொதி வரும். ஸ்பிரிட் பக்கம்: அடுப்பு, தாங்கி, தடுப்பு எல்லாம் சேர்ந்து 80, காலி பாட்டில் 30, ஒரு கொதிக்கு 17 மில்லி, அதாவது பதின்மூன்றரை கிராம். 12 கொதிக்கு மொத்தம் 272. ஒரு நாளைக்கு மூன்று கொதி என்றால் நாலு நாளைக்கு ஸ்பிரிட்தான் எடை குறைவு. போகப்போகப் பாட்டில் காலியாகி முதுகு லேசாவது தனி லாபம். செலவும் ஸ்பிரிட் பக்கம்தான் குறைவு, காசு போனது தராசுக்கும் கம்பி வலைக்கும் மட்டும்.

அதற்காகக் கேஸை ஒதுக்கிவிடவில்லை. மெல்லிய தீயில் வைத்துச் சமைக்க வேண்டும் என்றாலும், நாலைந்து பேர் என்றாலும் கேஸ்தான். வறட்சிக் காலத்தில் பல காடுகளில் திருகி அணைக்க முடிகிற அடுப்பை மட்டுமே அனுமதிக்கிறார்கள், அங்கே டப்பா அடுப்பு செல்லாது, போவதற்கு முன் கேட்டுக்கொள்ள வேண்டும். விமானத்தில் போவதென்றால் கேஸ் குப்பியும் கூடாது, ஸ்பிரிட்டும் கூடாது, இறங்கிய இடத்தில் எது கிடைக்கும் என்று பார்த்துத்தான் அடுப்பைத் தேர்ந்தெடுக்க முடியும். கேஸ் குப்பி வாங்கிய அன்றே முழு எடையைக் குப்பியின் மேல் பேனாவால் எழுதி வைக்கிறேன், திரும்பி வந்து நிறுத்தால் மீதி எவ்வளவு என்று கிராம் கணக்கில் தெரிந்துவிடுகிறது. ஆட்டிப் பார்த்துச் சொல்வதை இப்போது நான் நம்புவதில்லை.

நடுவில் பழைய மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் ஒன்றையும் சரி செய்தேன். பம்ப் அடித்தால் காற்றே பிடிக்கவில்லை. கழற்றிப் பார்த்தால் தோல் வாஷர் காய்ந்து சருகாகக் கிடந்தது, ஒரு ராத்திரி எண்ணெயில் ஊறவைத்து விளிம்பை விரலால் விரித்து மாட்டியதும் புதுசு மாதிரி பிடித்தது. துளையைப் பின் போட்டுக் குத்திச் சுத்தம் செய்தேன். அவசரத்தில் பர்னரைச் சரியாகச் சூடேற்றாமல் வால்வைத் திறந்து, முழங்கை உயரத்துக்கு மஞ்சள் தீ வந்து பயந்துபோனேன். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றி, அது எரிந்து தீரப்போகும் நேரத்தில் திறந்தால் நீலமாகச் சீறுகிறது. உறைபனி உருக்கும் இடங்களுக்கும் பெரிய கூட்டத்துக்கும் இது சரி, குளிர் இதை ஒன்றும் செய்யாது. இரண்டு பேருக்கு இவ்வளவு பெரிய பித்தளையைச் சுமக்க வேண்டியதில்லை. வில்லை வில்லையாக வரும் ஹெக்ஸமின் திட எரிபொருளும் பார்த்தேன், 14 கிராம் வில்லை ஒன்று அரை லிட்டரைக் கொதிக்கும் விளிம்புவரை கொண்டுபோனது. மீன் வாடை மாதிரி ஒன்று அடிக்கிறது, பாத்திரத்தின் அடியில் பழுப்பாகப் பிசின் ஒட்டுகிறது. இரண்டு வில்லை அவசரத்துக்குப் பையில் கிடக்கட்டும்.

அடுத்த தடவைக்கு மாற்ற வேண்டியதில் முதலாவது அந்தக் கம்பி வலை. நான் வாங்கியது துத்தநாகம் பூசியது, ஐந்தாறு தடவை சூடானதும் பூச்சு வெளுத்துப் பொடியாக உதிர்ந்தது. அந்தப் புகையை மூச்சில் இழுப்பது நல்லதல்ல, துருப்பிடிக்காத எஃகு வலை வாங்கி வைத்துவிட்டேன். இரண்டாவது பாட்டில், பக்கத்தில் 17 மில்லிக்கு ஒரு கோடாகப் போட்டுவிட்டால் சிரிஞ்சு எடுத்துப் போகத் தேவையில்லை. அப்புறம் இந்த 17 மில்லி 20 டிகிரித் தண்ணீருக்கான கணக்கு. ஓடைத் தண்ணீர் 5 டிகிரியில் இருந்தால் எவ்வளவு ஆகும் என்று இன்னும் அளக்கவில்லை. நாளைக்கு ஒரு பாத்திரத்தில் பனிக்கட்டி போட்டுக் குளிரவைத்து, புது வலையில், மறுபடி முதலிலிருந்து.